டைப்ரோடோடானை முடித்தது வேட்டையா, வறட்சியா?

மண்ணடுக்கு:
"மனுஷன் வந்தான், டைப்ரோடோடான் காலி" என்று போன பக்கத்தில் தீர்ப்பே எழுதிவிட்டீர்கள், கொம்பன். ஆஸ்திரேலியாவில் வாழ்ந்து அழிந்த ராட்சதப் பைப்பாலூட்டி அது. தோள் உயரம் 1.8 மீட்டர், எடை ஏறக்குறைய 2.7 டன், அங்கே இன்றும் வளை தோண்டி வாழும் வொம்பாட்டின் பங்காளி. இத்தனை பெரிய உருப்படியை அறுத்துத் தின்றவன் எலும்பில் ஒரு கீறல்கூட விடவில்லையா? நியூ சவுத் வேல்ஸ் கடி ஸ்பிரிங்ஸில் கல்கருவியும் எலும்பும் ஒரே அடுக்கில் கிடக்கின்றன. வயது 36,000 முதல் 30,000 ஆண்டு. அப்படியென்றால் மனுஷனும் டைப்ரோடோடானும் பல்லாயிரம் வருஷம் சேர்ந்தே வாழ்ந்திருக்கின்றன.

கொம்பன்:
அந்த வயது கரிக்கும் மணலுக்கும் எடுத்தது, எலும்புக்கு இல்லை. பிறகு பற்களையே எலெக்ட்ரான் சுழல் ஒத்ததிர்வு முறையில் (பல்லில் சேர்ந்த கதிர்வீச்சுப் பாதிப்பை வைத்து வயது சொல்லும் முறை) அளந்தார்கள். பல பற்கள் சுற்றியுள்ள மண்ணைவிடப் பழசு. வேறு அடுக்கிலிருந்து இடம்பெயர்ந்து வந்தவை.

மண்ணடுக்கு:
புதைந்த எலும்பு நிலத்தடி நீரிலிருந்து அருமண் தனிமங்களை உறிஞ்சும். அங்கே அடுக்குக்கு அடுக்கு அந்த விகிதம் வேறு. கலங்கியிருந்தால் விகிதமும் கலங்கியிருக்காதா?

சல்லடை:
இடையில் ஒன்று. 40,000 ஆண்டைத் தொடும் கார்பன் தேதி எதையும் கண்ணை மூடி நம்பாதீர்கள். தேதி சொல்ல உதவும் கதிரியக்கக் கார்பனே மிஞ்சாத பழைய மாதிரியில் 1 சதவீதம் புதுக் கார்பன் ஒட்டினால் போதும், 37,000 ஆண்டு என்று காட்டும். வேர், பசை, கைபட்ட அழுக்கு எல்லாம் அதற்குப் போதும்.

கொம்பன்:
அதனால்தான் எலும்பை விட்டுச் சாணத்துக்குப் போகிறேன். குவீன்ஸ்லாந்தில் லிஞ்ச்ஸ் கிரேட்டர் என்ற பழைய எரிமலைக் குழியின் சேற்றில் ஸ்போரோர்மியெல்லா என்ற சாணப் பூஞ்சையின் வித்துகளை எண்ணினார்கள். தாவரம் தின்னும் மிருகங்களின் சாணத்தில் வளர்வது அது; வித்து குறைந்தால் மிருகமும் குறைந்தது என்று பொருள். ஏறத்தாழ 41,000 ஆண்டுக்கு முன் சட்டென்று சரிகிறது. சுமார் நூறு வருஷம் கழித்துக் கரித்தூள் ஏறுகிறது. மேய ஆளில்லாமல் காய்ந்த தழை குவிந்தது, தீ பிடித்தது. அந்த நேரத்தில் அதே சேற்றில் படிந்த மகரந்தம் பெரிய தட்பவெப்ப மாற்றம் எதையும் காட்டவில்லை. முன்பு பல பனியுக வறட்சிகளைத் தாங்கிய இனம், மனுஷன் வந்த பிறகா வறட்சியில் சாகும்? மெதுவாகப் பெருகும் மிருகத்தை ஒழிக்கக் கூட்டக்கொலை வேண்டாம். ஆண்டுதோறும் கொஞ்சம் குறைந்தால் போதும். கீறல் எலும்பு அரிதாக இருப்பதும் அதனால்தான்.

மண்ணடுக்கு:
வித்து முதலில், கரி பின்னால் என்ற வரிசை வலுவானது, மறுக்கவில்லை. ஆனால் பூஞ்சை வித்து எந்த மிருகத்தின் சாணம் என்று சொல்லாது. குட்டையில் நீர்மட்டம் மாறினாலும் எண்ணிக்கை மாறும். அதோடு லிஞ்ச்ஸ் கிரேட்டர் ஈரக்காட்டுக் குட்டை. டைப்ரோடோடான் கூட்டமாகச் சேற்றில் சிக்கிக் கிடப்பது தெற்கு ஆஸ்திரேலியாவின் வறண்ட கலபோனா ஏரியில். ஈரக்காட்டுக் குட்டையின் கணக்கை வறண்ட உள்நாட்டுக்கும் எழுதுவதற்கு முன், அப்படி ஒரு வறண்ட இடத்திலிருந்தே வித்து வரிசை ஒன்றைக் காட்டுங்கள்.