கொழிஞ்சாம்பாறைக் கடைமுறி (கடை அறை): உரிமையாளர் கையெழுத்திடாவிட்டால் ஒப்பந்தம் செல்லாதா?

கேள்வி (செக்குக்காரன்):
மரச்செக்கு வைப்பதற்காக, பொள்ளாச்சியில் வசிக்கும் ஒருவருக்கு இங்கே, கேரள எல்லைக்குள், சொந்தமாயுள்ள கடைமுறி ஒன்றை மூன்றாண்டு வாடகைக்குப் பேசினேன். மாதம் 12,000 ரூபாய், மார்ச் 1 முதல் என்று வாட்ஸ்அப்பில் இருவரும் எழுதி ஒத்துக்கொண்டோம். அட்வான்ஸ் கொடுத்துச் சாவி வாங்கி, இரண்டு மாத வாடகையும் கட்டி, செக்கை இறக்கித் தரையில் போல்ட் அடித்து நிறுத்தியும் ஆயிற்று. பொள்ளாச்சியில் வாங்கிய முத்திரைத்தாளில் அடித்த பத்திரத்தில் நான் மட்டும் கையெழுத்திட்டிருக்கிறேன். இப்போது வேறொருவர் 18,000 தருவதாகவும், தாம் கையெழுத்துப் போடாததால் எதுவும் செல்லாது என்றும் உரிமையாளர் சொல்கிறார். இது சரியா?

பதில் 1 (ஆதாரமெழுத்து):
முதலில் அந்தத் தாளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், எல்லைப்பக்கத்தில் வாரம் ஒருமுறையாவது இந்தத் தவற்றைப் பார்க்கிறேன். கட்டிடம் கேரளத்தில் இருப்பதால் முத்திரைத்தீர்வை 1959-ஆம் ஆண்டுக் கேரள முத்திரைச் சட்டப்படிதான் கட்டப்பட வேண்டும். பதிவும் கேரளத்தில்தான் நடக்கும். தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டமும் இங்கே பொருந்தாது. ஆனால் உங்களிடம் ஒன்று பலமாக இருக்கிறது: செக்கு வைப்பது உற்பத்தித் தொழில் ஆகையால், சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 106-ஆவது பிரிவுப்படி உங்களை வெளியேற்ற ஆறு மாத அறிவிப்பு வேண்டும்.

பதில் 2 (பாலக்காட்டு வக்கீல்):
தாளைப் பற்றி மேலே சொன்னது சரி, ஆறு மாதம் என்பது சரியல்ல. உற்பத்திக்கான குத்தகையை (வாடகைக்கு விடுவதையும் சட்டம் குத்தகை என்றே சொல்லும்) ஆண்டுக்கு ஆண்டு நீளும் குத்தகையாக 106-ஆவது பிரிவு கருதினாலும், அத்தகைய குத்தகையும், ஓராண்டுக்கு மேற்பட்ட எந்தக் குத்தகையும் பதிவுப் பத்திரத்தால் மட்டுமே உண்டாகும் என்று 107-ஆவது பிரிவு சொல்கிறது. பதிவில்லாத இடத்தில் ஆறு மாதம் கேட்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2001-இல் தீர்ப்பளித்திருக்கிறது.

ஆனால் உரிமையாளர் சொல்வதும் தவறு. ஓராண்டுக்கு மேற்படாத குத்தகை, வாய்மொழியாகப் பேசி இடத்தை ஒப்படைத்தாலே உண்டாகிவிடும் என்பது அதே 107-ஆவது பிரிவுதான். பதிவு செய்யாத ஐந்தாண்டுப் பத்திரம் ஒன்றைப் பற்றிக் கேரளத்திலிருந்து சென்ற வழக்கில், அந்தப் பத்திரம் குத்தகையை உண்டாக்காவிட்டாலும், இடத்தில் இருத்தியதும் வாடகை வாங்கியதும் சேர்ந்து மாதக் குத்தகையை உண்டாக்கும் என்று உச்ச நீதிமன்றம் 2000-இல் சொன்னது. ஆகவே சாவியைக் கொடுத்து வாடகையை வாங்கியபோதே நீங்கள் வாடகைதாரர் ஆகிவிட்டீர்கள். மூன்றாண்டு என்ற காலத்துக்குத்தான் இப்போது சட்டத்தில் பிடிப்பில்லை.

மாதக் குத்தகையை முடிக்கப் பதினைந்து நாள் அறிவிப்பு போதும். ஆயினும் உங்கள் பகுதி 1965-ஆம் ஆண்டுக் கேரள வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் அறிவிக்கப்பட்டிருந்தால், அந்தச் சட்டம் அனுமதிக்கும் காரணத்தைக் காட்டி வாடகைக் கட்டுப்பாட்டு நீதிமன்றத்தில் உத்தரவு பெறாமல் அவர் உங்களை வெளியேற்ற முடியாது. கூடுதல் வாடகைக்கு இன்னொருவர் வந்திருக்கிறார் என்பது அப்படிப்பட்ட காரணமில்லை. வாட்ஸ்அப் செய்திகளை அழித்துவிடாதீர்கள். மின்னணு வழியில் ஏற்பட்டது என்பதற்காக மட்டும் ஒப்பந்தம் செல்லாமல் போவதில்லை என்பது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 10அ பிரிவு.

பதில் 3 (சந்தைப்பேட்டை):
ஒன்று மட்டும் என் அனுபவத்திலிருந்து. ஒரு கட்டிடக்காரருக்கு எட்டு மாதம் ரொக்கமாக வாடகை கொடுத்துவிட்டு, ரசீது கேட்க வெட்கப்பட்டு இருந்தேன். பிறகு அவர் நான் வாடகையே கொடுக்காமல் சும்மா உட்கார்ந்திருந்ததாகச் சொன்னபோது என் கையில் ஒரு துண்டுத்தாள்கூட இல்லை.

செக்குக்காரன்:
அட்வான்சும் முதல் மாத வாடகையும் கூகுள் பேயில் போனவை, இரண்டாவது மாதம் மட்டும் ரொக்கம். இனி பத்திரத்தைக் கேரள முத்திரைத்தாளில் எழுதி, இருவரும் கையெழுத்திட்டு, நான்கு மாதத்துக்குள் பதிவு செய்யலாம் என்று கேட்டால் அவர் வருவாரா?

பாலக்காட்டு வக்கீல்:
14,000 என்று பேசிப் பாருங்கள். வழக்குச் செலவையும் பதிவில்லாத காலத்தையும் எண்ணினால் அந்த 2,000 அதிகமில்லை. அதுவரை வாடகையை மாதாமாதம் வங்கி வழியாகவே அனுப்புங்கள், ஷட்டர் சாவியை யாரிடமும் கொடுக்காதீர்கள்.