புண்ணை வருடலாமா?

அன்புள்ள குழுவினருக்கு,
வெள்ளிக்கிழமைக்குள் ஒரு கையேடு அச்சுக்குப் போக வேண்டும். நீரிழிவால் காலில் புண் வந்தவர்கள் வீட்டிலிருந்தே கைப்பேசியில் புண்ணைப் பதிந்து அனுப்புவார்கள். பக்கத்தில் ஒட்டிய அளவுத்தாளை வைத்து மென்பொருள் பரப்பைக் கணக்கிடும். சில கருவிகள் ஆழத்தையும் சொல்லும். 4 வாரத்தில் பரப்பு பாதியாகக் குறையாவிட்டால் சிகிச்சையை மறுபடி யோசிக்க வேண்டும். ‘ஸ்கேன்’ என்பதற்கு ‘வருடல்’ என்று போட்டு, ‘நீரிழிவுக் கால்புண் எண்ணிம வருடல்வழித் தொலைக்கண்காணிப்பு’ என்று தலைப்பு எழுதிவிட்டேன். எனக்கே மூச்சு வாங்குகிறது. எளிய சொல் உண்டா?
(மொழிபெயர்ப்பாளர், மதுரை)

‘வருடல்’ வேண்டவே வேண்டாம். புண்ணைத் தொடாமல் அளப்பதுதான் இந்த முறையின் நன்மையே. வருடச் சொன்னால் விரலால் தடவிவிடுவார்கள், நீரிழிவால் கால் மரத்திருந்தால் வலியும் தெரியாது. செருப்புக்குள் கிடந்த புளியங்கொட்டையோடு நாள் முழுதும் நடந்தவரைப் போன வாரம்தான் பார்த்தேன். தொடு உணர்வைச் சோதிக்கும் 10 கிராம் இழையை உள்ளங்காலில் அழுத்தினோம். எங்கே தொட்டீர்கள் என்றார்.
(செவிலியர்)

கருவியின் பெயரையும் யோசியுங்கள். காலை வருடுவது ‘அடிவருடி’ ஆகிவிடும்!
(கோவை)

தம்பி, சொல் கையிலேயே இருக்கிறது: அலகிடல், செய்யுளை அசையும் சீருமாகப் பிரிப்பது. ‘ஸ்கேன்’ என்ற ஆங்கிலச் சொல்லும் யாப்பிலிருந்து வந்ததுதான். ஏறுதல் என்ற பொருளுடைய இலத்தீன் வினை, தாளத்துக்குப் பாதத்தைத் தூக்கி வைப்பதைக் கொண்டு செய்யுளைச் சீர் பிரிப்பதற்கு ஆகி, பிறகே கருவிக்கு வந்தது. நமக்கோ செய்யுளுக்கும் அடி, காலுக்கும் அடி. ‘அடியலகீடு’ என்றால் என்ன குறை?
(ஓய்வுபெற்ற தமிழாசிரியர்)

ஐயா, நோயாளி நேர் நேர் தேமா சொல்ல வரவில்லை. ‘ஸ்கேன்’ என்றால் அவருக்குப் புரியும்.
(செவிலியர்)

நான் மலையகத்தில் பிறந்தவள். கண்காணிப்பு என்றால் எனக்குத் தோட்டத்துக் கங்காணிதான் நினைவுக்கு வருகிறார். சொல்லும் அதே கண்காணிதானே. ‘தொலைநாடல்’ எனலாமே, நோய்நாடி என்று குறளே சொல்கிறது. எங்கள் பக்கம் இந்த நோய்க்கே சீனி வருத்தம் என்பார்கள், அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.
(கண்டி)

நாடல் அழகுதான் அம்மா, ஆனால் ‘தொலை’யோடு சேர்த்தால் தொலைந்ததைத் தேடுவது போலிருக்கிறது.
(கோவை)

தலைப்பில் ‘கால்புண் தொலைக்கண்காணிப்பு’, உள்ளே ‘ஸ்கேன்’. நான்கு பேர் சரி என்றீர்கள், மற்றவர்கள் களைத்துவிட்டீர்கள். இத்துடன் அனுப்புகிறேன்.
(மதுரை)

பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன். ஆனால் கால் + புண் = காற்புண். காற்சிலம்பு, காற்சட்டை என்றெல்லாம் எழுதுகிறோமே. திருத்திவிட்டு அனுப்புக. பின்னிணைப்பில் ‘அலகிடல்’ ஒரு வரியாவது இருக்கட்டும்.
(தமிழாசிரியர்)

பாட்டிகள் எழுத்துக்கூட்டிப் படிக்கிற தாள் ஐயா இது. காற்று பட்டு வந்த புண் என்பார்கள்.
(செவிலியர்)

அச்சேறிவிட்டது ஐயா. கால்புண்தான்.
(மதுரை)

இரண்டாம் பதிப்பு எப்போது?
(தமிழாசிரியர்)