டாமியா, லிங்கனா? எங்கள் குடும்பக் குழுவில் ஓர் இரவு

அருண் (8:41): அக்கா, தள்ளுபடியில் மாஃபியா வீடியோ கேம் மூன்று பாகமும் சேர்த்து வாங்கினேன் அல்லவா, மூன்றாவதைப் பாதியில் நிறுத்திவிட்டேன். முதல் பாகத்தைப் புதிதாகச் செய்து 2020இல் விட்ட ரீமேக்குக்குத் தாவலாமா?

நித்யா (8:43): அடப்பாவி. மூன்றாவதன் ஹீரோ லிங்கன் கிளேயை நடுத்தெருவில் விட்டுவிட்டாயா? ஏன்?

அருண் (8:46): கதை பிரமாதம், வேலைதான் ஒரே மாதிரி. ஒரு ஏரியாவுக்குப் போ, ஒருவனை மிரட்டித் தகவல் கேள், சரக்கை உடை, போதுமான அளவு நஷ்டம் செய்ததும் தொழிலை நடத்துகிறவன் வெளியே வருவான். அவனைக் கொல் அல்லது நம் பக்கம் சேர். அடுத்த ஏரியாவிலும் இதே. நடுவில் ஒட்டுக்கேட்கும் பெட்டிக்குப் பியூஸ் தேடி அலைகிறேன். ரவுடி என்று நினைத்துப் போனால் லைன்மேன் வேலை கொடுத்திருக்கிறார்கள்.

செல்வி அத்தை (8:47): யாரை யார் கொல்வது? பாட்டியும் இந்தக் குழுவில் இருக்கிறார்கள்.

முரளி மாமா (8:48): கேம் செல்வி, கேம்.

முரளி மாமா (8:52): அருண், யோசிக்காமல் தாவு. 2002இல் அசல் வந்தபோது நண்பன் வீட்டுக் கம்ப்யூட்டரில் முறை வைத்து ஆடினோம். செக் நாட்டுக்காரர்கள் செய்தது, இல்யூஷன் சாஃப்ட்வொர்க்ஸ். 1930இல் டாமி என்று ஒரு டாக்சி டிரைவர். அடிபட்ட காரிலிருந்து இரண்டு பேர் துப்பாக்கியோடு வந்து இவன் வண்டியில் ஏறுவார்கள். அங்கே ஆரம்பிக்கிறது டாமியின் கெட்ட நேரம்.

நித்யா (8:55): மாமா, கதை சொல்லாதீர்கள், அவன் ஆடட்டும்.

முரளி மாமா (8:56): சரி, சரி.

நித்யா (9:01): ஆனால் மூன்றாவதை இப்படிக் கழுவி ஊற்றுவது நியாயமில்லை. 1968, நியூ ஆர்லியன்ஸை மாதிரியாக வைத்துக் கட்டிய ஊர், வியட்நாம் போரிலிருந்து திரும்பிய கறுப்பு இளைஞன். சில கடைகளுக்குள் நுழைந்தாலே போலீசைக் கூப்பிடுகிறார்கள். பணக்கார ஏரியாவில் போலீஸ் உடனே வருகிறது, ஏழை ஏரியாவில் ஆடி அசைந்து வருகிறது. ஊரே உன்னை எப்படிப் பார்க்கிறது என்பதை ஆட்டத்துக்குள்ளேயே வைத்திருக்கிறார்கள். ரீமேக்கில் அது எங்கே?

அருண் (9:02): ரெண்டும் ஒரே கம்பெனிதானே அக்கா?

நித்யா (9:05): ஆமாம், ஹேங்கர் 13. மூன்றாவது 2016, ரீமேக் அதற்கு நான்கு வருஷம் கழித்து. மூன்றாவதை இயக்கும் அடிப்படை மென்பொருளான எஞ்சினையே மெருகேற்றிப் பயன்படுத்தினார்கள். அதனால் மறைந்து நின்று சுடுவதெல்லாம் உனக்குப் பழகினதாகவே இருக்கும். ரீமேக்கில் வரும் லாஸ்ட் ஹெவன் ஊர் பார்க்க அவ்வளவு அழகு, மழையில் டிராம் போவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். ஆனால் கதை நடக்கும்போது ஊரில் செய்ய ஒன்றும் இல்லை. சும்மா சுற்ற வேண்டுமென்றால் ஃப்ரீ ரைடு என்று தனியாக வைத்திருக்கிறார்கள். கல்யாண மண்டபத்துக்கு முன்னால் நிற்கும் வாழைமரம் மாதிரி, அலங்காரத்துக்குத்தான் அந்த ஊர்.

முரளி மாமா (9:09): அதுதானே அழகே! பத்துப் பன்னிரண்டு மணி நேரத்தில் கதையைச் சொல்லி முடிக்கிறான். ஒரு மிஷன் மாதிரி இன்னொன்று இல்லை. மூன்றாவதில் ஊரை நிரப்பவேண்டுமே என்று வேலையை இழுத்தார்கள், நல்ல கதை அதில் நீர்த்துப் போயிற்று. ஆனால் ரீமேக்கில் எனக்கும் ஒரு வருத்தம் உண்டு.

அருண் (9:10): ரேஸ்தானே?

முரளி மாமா (9:14): அதேதான். 2002இல் அந்தக் கார் பந்தயம் ஒரு தலைமுறையையே அழவைத்தது. ஜெயித்தால்தான் கதை நகரும். நடுவில் ஆடிய இடத்தைச் சேவ் செய்ய முடியாது, கடைசிச் சுற்றில் கவிழ்ந்தால் முதலிலிருந்து. நான் இரண்டு நாள் அதிலேயே கிடந்தேன். பின்னால் பேட்ச் என்று திருத்தம் விட்டுத்தான் கஷ்டத்தைக் குறைத்துக்கொள்ள வழி செய்தார்கள். ரீமேக்கில் ஈசி லெவலில் போட்டால் தூக்கத்திலேயே ஜெயிக்கலாம். அப்புறம் பழையதில் 40 மைலுக்கு மேல் போனாலே போலீஸ் விசில் அடித்து நிறுத்தி அபராதம் போடும். கொலை செய்யப் போகிற ஆள் சிக்னலில் பச்சைக்காகக் காத்திருப்பான். அந்தச் சுகமே தனி.

நித்யா (9:16): செட்டிங்கில் போலீசைச் சிமுலேஷன் என்று மாற்றினால் இதிலும் பிடிப்பார்கள் மாமா. கிளாசிக் என்ற கஷ்டமான லெவலில் ஆடுங்கள். பாதி தீர்ந்த மேகசீனை மாற்றினால் மீதித் தோட்டாவும் போய்விடும், பழையது மாதிரியே.

முரளி மாமா (9:17): அப்படியா! இது எனக்குத் தெரியாதே. ஈசியிலேயே முடித்துவிட்டேன்.

நித்யா (9:17): 😂😂 தலைமுறையை அழவைத்த ரேஸாம்

செல்வி அத்தை (9:20): ஏங்க, மோட்டார் போட்டது யார்? தொட்டி வழிகிறது.

முரளி மாமா (9:20): இதோ போகிறேன்.

அருண் (11:52): மாமா, கிளாசிக்கில்தான் போட்டேன். ரேஸ் வரைக்கும் வந்துவிட்டேன்.

அருண் (11:58): கவிழ்ந்துவிட்டேன்.

அருண் (12:31): மறுபடியும்.

முரளி மாமா (12:33): வளைவுக்கு முன்னாலேயே பிரேக் பிடி. வளைவுக்குள் பிடித்தால் போச்சு.

செல்வி அத்தை (12:34): நீங்கள் இன்னுமா தூங்கவில்லை?