கடன் அறிக்கையில் தவறான பதிவு: கட்டணமின்றித் திருத்த வழி உண்டா?

கேள்வி:
இருசக்கர வாகனக் கடனை மூன்று ஆண்டுகளுக்கு முன்பே முழுமையாகக் கட்டி முடித்து, தடையின்மைச் சான்றும் பெற்றுவிட்டேன். இப்போது வீட்டுக் கடனுக்கு விண்ணப்பித்தபோதுதான், அதே கணக்கு என் கடன் அறிக்கையில் "ரிட்டன் ஆஃப்" (வசூலாகாது என்று கணக்கிலிருந்து தள்ளப்பட்ட கடன்) என்ற குறிப்போடும் நிலுவைத் தொகையோடும் நிற்பது தெரிய வந்தது. பதிவை நீக்கி ஸ்கோரையும் உயர்த்தித் தருவதாகச் சொல்லும் முகவர் ஒருவர் முன்பணம் கேட்கிறார். இலவசமாக உதவி கிடைக்குமானால் எங்கிருந்து தொடங்க வேண்டும்?

பதில் 1:
முகவருக்கு எதுவும் கொடுக்காதீர்கள். நீங்களே இணையத்தில் நிரப்பக்கூடிய ஆட்சேபப் படிவத்தைத்தான் அவரும் நிரப்பப் போகிறார். அதற்காக உங்கள் பான் எண்ணையும் கடவுச்சொல்லையும் அவரிடம் ஒப்படைப்பது கூடுதல் ஆபத்து. டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், சிரிஃப் ஹை மார்க் ஆகிய, கடன் அறிக்கை தயாரிக்கும் நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. சிபிலை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்திவிடாமல் நான்கையும் எடுத்துப் பாருங்கள், ஏனெனில் ஒன்றில் திருத்தப்பட்ட தவறு மற்றொன்றில் அப்படியே இருந்துவிடலாம். இந்த நிறுவனங்கள் தாமாக எந்தப் பதிவையும் மாற்றுவதில்லை. கடன் கொடுத்தவரிடம் கேட்டு, அவர் ஒப்புக்கொண்டால்தான் மாற்றுகின்றன. ஆகவே கடன் கொடுத்த நிறுவனத்துக்கும் அதே நாளில் எழுத்து மூலம் புகார் அனுப்பிவிடுங்கள்.

பதில் 2:
வங்கியில் கடன் பிரிவில் பணியாற்றியவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். புகார் அனுப்புவதற்கு முன், தடையின்மைச் சான்றில் அச்சாகியுள்ள கடன் கணக்கு எண்ணும் அறிக்கையில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று இலக்கம் இலக்கமாக ஒப்பிடுங்கள். கடன் வேறொரு நிறுவனத்துக்கு மாற்றப்பட்டிருந்தால் புதிய எண்ணில் இன்னொரு கணக்கு முளைத்திருக்கும். கட்டி முடித்த பணம் பழைய எண்ணில் மட்டும் வரவாகியிருக்கும். அதைச் சுட்டிக்காட்டாமல் "நான் கட்டிவிட்டேன்" என்று மட்டும் எழுதினால், "எங்கள் பதிவு சரியே" என்ற பதில்தான் வரும்.

காலக்கெடுவைப் பொறுத்தவரை, புகாரை 30 நாட்களுக்குள் தீர்க்க வேண்டும். தவறினால், 2024 ஏப்ரல் 26 முதல், தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு உண்டு. கடன் கொடுத்தவர் 21 நாட்களுக்குள் திருத்திய தகவலை அனுப்பாவிட்டால் இழப்பீடு அவர் பொறுப்பு. அவர் அனுப்பிய பின்னும் தாமதமானால் கடன் தகவல் நிறுவனத்தின் பொறுப்பு.

கேள்வி கேட்டவர்:
நன்றி. உண்மையில் சென்ற மாதமே ஒரு புகார் அனுப்பியிருந்தேன். நீங்கள் சொன்ன அதே ஒற்றை வரிதான் பதிலாக வந்தது.

பதில் 3:
அந்த மின்னஞ்சலை அழித்துவிடாதீர்கள். கோரிக்கையை நிராகரிப்பவர் அதற்கான காரணத்தைத் தெரிவிக்க வேண்டும் என்பதால், காரணமில்லாத அந்தப் பதிலே உங்களுக்குச் சாதகமான ஆவணம். பதில் திருப்தியளிக்காவிட்டாலும், 30 நாட்களில் பதிலே வராவிட்டாலும் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இணையம் வழியாகப் புகார் செய்யலாம். கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. கடன் தகவல் நிறுவனங்களும் 2022 செப்டம்பர் 1 முதல் இந்த வரம்புக்குள் வந்துவிட்டன. விவரம் கேட்க 14448 என்ற எண்ணை அழைக்கலாம். ஆனால் ஓர் எச்சரிக்கை: உண்மையாகவே தவறவிட்ட தவணை ஏதேனும் இருந்தால், அதைக் குறைதீர்ப்பாளரும் அழிக்கமாட்டார், அந்த முகவராலும் அழிக்க முடியாது.

கேள்வி கேட்டவர்:
ஒப்பிட்டுப் பார்த்தேன். இரண்டு எண்களும் வேறு வேறாகத்தான் இருக்கின்றன. சான்றின் நகலையும் இறுதித் தவணை வரவான வங்கிக் கணக்குப் பக்கத்தையும் இணைத்து, இரு எண்களையும் குறிப்பிட்டு, இன்று புதிதாகப் புகார் அனுப்பிவிட்டேன். முகவரிடமும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.