ஐ டிரிபிள் ஈ மாணவர் கிளைக்கு லேப்பல் பின், போலோ சட்டை: ஆர்டர் கொடுக்கும் முன் என்னென்ன பார்க்கணும்?

கிளைப்பொருளாளர்_கோவை

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் கல்லூரி ஐ டிரிபிள் ஈ (மின், மின்னணுப் பொறியாளர்களின் சர்வதேசச் சங்கம்) மாணவர் கிளையில் 140 உறுப்பினர்கள். பதவியேற்பு விழாவில் எல்லோருக்கும் ஒரு லேப்பல் பின்னும் (சட்டையில் குத்தும் சின்ன உலோகச் சின்னம்) ஒரு போலோ சட்டையும் கொடுக்கத் திட்டம். பின் செய்பவர் மாதிரிப் படம் அனுப்பிவிட்டார்: 20 மி.மீ. வட்டம், இரும்பு, சாஃப்ட் எனாமல், தங்க முலாம். நடுவில் சின்னமும் எழுத்துகளும், வெளிவட்டத்தில் கல்லூரியின் முழுப்பெயர், கீழே "மாணவர் உறுப்பினர்", அதற்கும் கீழே வருடம். எல்லாம் ஆங்கிலத்தில். ஓகே சொன்னால் மூன்று நாளில் டை (பின்னை அடிக்கும் உலோக அச்சு) வெட்டிவிடுவேன் என்கிறார்.

என் சந்தேகங்கள்: சாஃப்ட் எனாமலா, ஹார்ட் எனாமலா? இந்த அளவுக்குள் இவ்வளவு எழுத்து வருமா? சட்டையில் எம்பிராய்டரியா, பிரிண்டா? மிச்சமாகும் பின்களை விழாவுக்கு வரும் விருந்தினர்களுக்குக் கொடுக்கலாமா?

எனாமல்_பட்டறை

டை வெட்டச் சொல்லாதீர்கள், இன்றே நிறுத்திவையுங்கள். டை வெட்டிய பிறகு ஒரு கோட்டை நகர்த்த வேண்டும் என்றாலும் புது டைதான், அதற்குத் தனிக் காசு.

முதலில் எழுத்துக் கணக்கு. 20 மி.மீ. வட்டத்தில் ஓரக்கரைக்கு இரு பக்கமும் 0.8 மி.மீ. போனால் மிச்சம் 18.4. கல்லூரிப் பெயரை வளைத்து எழுதி, நடுவில் சின்னத்துக்கும் இடம் விட்டால் ஓர் எழுத்தின் உயரம் 1 மி.மீ.தான் தேறும். அந்த உயரத்தில் எழுத்தின் கோட்டுத் தடிமன் 0.15 மி.மீ. பக்கம் வந்துவிடும். உலோகக் கோடு 0.25 மி.மீ.க்குக் குறையக் கூடாது. கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவே எனாமல் இறங்கும் பள்ளம் 0.3 ஆவது இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆங்கில "ஏ", "ஈ" எழுத்துகளின் உள்பகுதி அடைந்து வெறும் புள்ளியாகிவிடும். கணினித் திரையில் பத்து மடங்கு பெரிதாகப் பார்க்கும்போது இது தெரியவே தெரியாது. ஆர்ட்வொர்க்கை ஒரிஜினல் அளவில் தாளில் அச்சிட்டு, கை நீளத்தில் பிடித்துப் பாருங்கள். படிக்க முடியாத எதுவும் பின்னில் இருக்க வேண்டாம்.

என் யோசனை: சின்னம், சங்கத்தின் எழுத்துகள், இரண்டோடு நிறுத்துங்கள். வருடத்தையும் எடுத்துவிடுங்கள். வருடம் இல்லாத டை அடுத்த வருடமும் உதவும். டை கிளைக்குச் சொந்தம் என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.

எனாமல் விஷயம். சாஃப்ட் எனாமலில் முலாம் பூசிய பிறகு பள்ளத்தில் நிறத்தை ஊற்றுவார்கள். நிறம் கோட்டைவிடத் தாழ்ந்து நிற்கும், விரலால் தடவினால் மேடுபள்ளம் தெரியும். அந்தப் பள்ளத்தில்தான் வியர்வையும் தூசியும் தங்கும். ஹார்ட் எனாமலில் நிறத்தைக் கோட்டு மட்டத்துக்கு மேல் நிரப்பிச் சூளையில் சுட்டு, பிறகு தேய்த்து மட்டமாக்கிப் பாலிஷ் போட்டு, கடைசியில் முலாம். கண்ணாடி மாதிரி வழவழப்பாக இருக்கும், கீறலும் குறைவு. விலை கூடும், நாளும் கூடும். வருடம் முழுக்கப் போடுகிற உறுப்பினர் பின் என்றால் ஹார்ட் எனாமல். ஒரு நாள் விழாவுக்கு சாஃப்ட் போதும்.

இரும்பு வேண்டாம். முலாம் மெல்லியது. பின்பக்க ஊசி பற்றவைத்த இடத்தில்தான் முதலில் விட்டுப்போகும், அங்கே துரு பிடித்து வெள்ளைச் சட்டையில் பழுப்புக் கறை விடும். பித்தளை கேளுங்கள், தடிமன் 1.2 முதல் 1.5 மி.மீ. வந்த பின்னில் ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். பட்டென்று ஒட்டினால் அது இரும்பு.

வலதுகை_விதி

மேலே சொன்னது அத்தனையும் சரி. சின்னத்தைப் பற்றி நான் சொல்கிறேன், அதிகம் தப்பு நடக்கிற இடம் அதுதான்.

ஐ டிரிபிள் ஈ சின்னத்தில் அம்புகளைச் சுற்றியுள்ள சாய்சதுரம் அலங்காரத்துக்கு வைத்தது இல்லை. 1884இல் தொடங்கிய அமெரிக்க மின்பொறியாளர் சங்கமும் 1912இல் தொடங்கிய ரேடியோ பொறியாளர் சங்கமும் 1963இல் இணைந்தபோது உருவானது இது. பறக்கவிடும் பட்டம் போன்ற வடிவம் முன்னதிலிருந்து வந்தது, அம்புகள் பின்னதிலிருந்து. நேர் அம்பு மின்னோட்டம், அதைச் சுற்றும் வளைந்த அம்பு காந்தப்புலம். வலது கைக் கட்டைவிரலை நேர் அம்பின் திசையில் நீட்டுங்கள். மற்ற விரல்கள் மடங்கும் திசையில் வளைந்த அம்பு போக வேண்டும்.

பட்டறைக்காரர் கூகுளில் கிடைத்த மங்கலான ஜேபெக் படத்தை எடுத்து டிரேஸ் செய்வார். டை வெட்டப் படத்தைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்புவதும் உண்டு, திரும்ப நேராக்க மறந்தால் முடிந்தது. அந்தப் பின்னுக்கு இடது கைதான் பொருந்தும். மின்பொறியாளர் கூட்டத்தில் அதைக் குத்திக்கொண்டு நிற்பது சங்கடமான விஷயம். ஆர்ட்வொர்க் வந்ததும் கட்டைவிரலை நீட்டிப் பார்த்துவிட்டு ஓகே சொல்லுங்கள். டிரேஸ் செய்யும்போது இன்னொன்றும் கெடும்: இரண்டு அம்பும் குறுக்கிடும் இடத்தைச் சுற்றியுள்ள சின்ன இடைவெளிகள் நிரம்பி, எது முன்னால் எது பின்னால் என்றே தெரியாத முடிச்சாகிவிடும்.

ஆகவே படத்தைத் தேட வேண்டாம். சங்கத்தின் பிராண்ட் தளத்திலேயே வெக்டர் கோப்பு (எவ்வளவு பெரிதாக்கினாலும் மங்காத படம்) இருக்கிறது, அதை இறக்கி அப்படியே கொடுங்கள். நீட்டுவது, சாய்ப்பது, சின்னத்தையும் எழுத்தையும் இடம் மாற்றுவது, உள்ளே கல்லூரி லோகோவை நுழைப்பது எதுவும் கூடாது. நிறம் சங்கத்தின் நீலம் (பான்டோன் நிற அட்டவணையில் 3015 சி), கறுப்பு, வெள்ளை. எனாமல்காரரிடம் "நீலம்" என்று மட்டும் சொன்னால் கைவசம் இருக்கும் நீலத்தை ஊற்றிவிடுவார், எண்ணைச் சொல்லுங்கள். தங்க முலாம் அந்த மூன்று நிறத்திலும் இல்லை. நிக்கல் வெள்ளி நிறம் வெள்ளைக்குக் கொஞ்சம் பக்கத்தில் வரும், ஆனாலும் உலோக நிறத்துக்கு நீங்களே முடிவெடுக்காதீர்கள். ஆர்ட்வொர்க்கைக் கிளை ஆலோசகரிடமும் சங்கத்தின் வட்டாரப் பிரிவான மெட்ராஸ் செக்‌ஷனிலும் காட்டி, மின்னஞ்சலில் ஒப்புதல் வாங்கிவிட்டுப் பணம் கட்டுங்கள்.

கிளைப்பொருளாளர்_கோவை

மிக்க நன்றி. கட்டைவிரல் சோதனை செய்து பார்த்தேன், அவர் அனுப்பிய படத்தில் வளைந்த அம்பு திரும்பித்தான் இருக்கிறது. நிறுத்தச் சொல்லிவிட்டேன். இறுதியாண்டு மாணவர்கள் மட்டும் "மாணவர் உறுப்பினர்" என்ற சொல் கட்டாயம் வேண்டும் என்கிறார்கள். சட்டையைப் பற்றியும் யாராவது சொல்லுங்கள்.

திருப்பூர்_நூல்

சட்டை என் பக்கம். 220 முதல் 240 ஜிஎஸ்எம் பருத்தி பிக்கே துணி (போலோ சட்டைக்கான பின்னல் துணி), காம்பாக்டிங் (முன்கூட்டியே சுருக்கிவிடுவது) செய்ததா என்று கேட்டு வாங்குங்கள். செய்யாத துணி முதல் சலவையிலேயே நீளத்தில் சுருங்கும், எல் அளவு எம் ஆகிவிடும். மொத்தமாக வாங்கும் முன் ஒரு சட்டையைத் துவைத்து, காயவைத்து, அளந்து பாருங்கள்.

இடது மார்பில் லோகோ என்றால் எம்பிராய்டரிதான். அகலம் 75 முதல் 80 மி.மீ. எழுத்தின் உயரம் 5 மி.மீ.க்குக் கீழே போகக் கூடாது. அதைவிடச் சின்ன எழுத்து வேண்டும் என்றால் வழக்கமான 40 நம்பர் நூலை விட்டு 60 நம்பர் மெல்லிய நூலும் மெல்லிய ஊசியும் போடச் சொல்லுங்கள். கிளைப் பெயரை லோகோவுக்குள் திணிக்காமல், நடுவே இடைவெளி விட்டுத் தனி வரியாகக் கீழே போடுங்கள், அல்லது கையில் போடுங்கள்.

துவைத்ததும் லோகோவைச் சுற்றித் துணி சுருக்கம் விழுவதுதான் பெரிய குறை. பிக்கே இழுபடும் துணி. வளையத்தில் மாட்டும்போது இழுத்து மாட்டிவிட்டுத் தைப்பார்கள். கழற்றியதும் துணி பழைய அளவுக்குத் திரும்பும், நூல் திரும்பாது, சுருக்கம் விழும். இதற்கு மருந்து இரண்டு: இழுக்காமல் மாட்டுவது, பின்னால் வெட்டி எடுக்கும் வகை பேக்கிங் தாள் வைப்பது. கிழித்து எடுக்கும் தாள் நெய்த துணிக்குச் சரி, பின்னல் துணிக்குப் பிடிமானம் போதாது. நூல் பாலியெஸ்டராக இருக்கட்டும், ரேயான் நூல் ப்ளீச் பட்டால் வெளுத்துவிடும்.

நிறத்துக்கு ஒரு எச்சரிக்கை. 3015 சி என்பது வழவழப்பான தாளில் மையின் எண். துணிக்கும் நூலுக்கும் அது நேராகப் பொருந்தாது. சட்டையையே அந்த நீலத்தில் சாயமிட நினைத்தால் லேப் டிப் (சாயமிட்ட மாதிரித் துண்டு) வாங்கிப் பகல் வெளிச்சத்தில் ஒப்பிட வேண்டும், 140 சட்டைக்கு அந்தப் பாடு கட்டாது. வெள்ளைச் சட்டையில் நீல நூல், அல்லது ரெடியாகக் கிடைக்கும் கருநீலச் சட்டையில் வெள்ளை நூல். இரண்டில் ஒன்று. லோகோவை எம்பிராய்டரி இயந்திரத்துக்காக டிஜிட்டைசிங் செய்த டிஎஸ்டி கோப்பைக் கையில் வாங்கிவையுங்கள். அடுத்த வருடம் வேறு கடைக்குப் போனாலும் திரும்ப அந்தச் செலவு வராது.

மூத்த_உறுப்பினர்

தம்பி, இறுதியாண்டு மாணவர்களின் ஆசை புரிகிறது. ஆனால் உறுப்பினர் தரநிலையைப் பின்னில் பொறிக்க வேண்டாம். உறுப்பினர் ஆண்டு டிசம்பர் 31இல் முடிகிறது. படிப்பு முடிந்தால் மாணவர் உறுப்பினர் என்ற நிலையும் மாறும், மேற்படிப்புக்குப் போனால் அதற்கென்று தனித் தரநிலை. பித்தளையில் பொறித்தது மாறாது. பத்து மாதத்தில் பொய்யாகிப்போகிற ஒரு சொல்லை ஏன் பொறிக்க வேண்டும்? சொல் இல்லாத பின்னை, உறுப்பினராகத் தொடரும்வரை எங்கே வேலைக்குப் போனாலும் போட்டுக்கொள்ளலாம். தரநிலை உறுப்பினர் அட்டையில் இருக்கட்டும், பயோடேட்டாவில் இருக்கட்டும். 1920இல் சென்னையில் தொடங்கிய இன்ஸ்டிடியூஷன் ஆஃப் இன்ஜினியர்ஸிலும் எஃப்ஐஈ, எம்ஐஈ, ஏஎம்ஐஈ போன்ற, உறுப்பினர் தரத்தைக் காட்டும் எழுத்துகள் பெயருக்குப் பின்னால் வருபவை. பெயர்ப் பலகையும் விசிட்டிங் கார்டும்தான் அவற்றுக்கு இடம், தரம் உயர்ந்தால் அங்கே மாற்றிக்கொள்ளலாம்.

விருந்தினருக்கு இந்தப் பின் வேண்டவே வேண்டாம். போட்டிருப்பவர் உறுப்பினர் என்பதைத்தான் அது சொல்கிறது. உறுப்பினர் அல்லாதவர் சட்டையிலும் அதே பின் இருந்தால் சந்தா கட்டிய 140 பேரின் பின்னுக்கு அர்த்தம் இல்லாமல் போகும். விருந்தினருக்கு விழாவின் பெயர் மட்டும் போட்ட பொத்தான் பேட்ஜ் செய்யுங்கள். அல்லது பேனாவும் நோட்டும் கொடுங்கள். உறுப்பினர் பின்னை ஒரு பதிவேட்டில் உறுப்பினர் எண் எழுதி, கையெழுத்து வாங்கிக் கொடுங்கள்.

காந்தப் பின் யாராவது கேட்பார்கள், பட்டுப் புடவையில் ஓட்டை விழாது என்பதால். ஆசிரியைகளுக்கு அது நல்லதுதான். ஆனால் மார்பில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர் போடவே கூடாது, கொடுக்கும்போதே வாய்விட்டுச் சொல்லுங்கள். பைக், கார் ஸ்டிக்கர் யோசனை இருந்தால் கைவிடுங்கள். தனியார் வாகனங்களில் தொழிலைக் காட்டும் ஸ்டிக்கர்கள் மீது சென்னையில் 2024 மே முதல் போக்குவரத்துப் போலீஸ் நடவடிக்கை எடுத்தது. லேப்டாப்பில் ஒட்ட லேமினேஷன் செய்த வினைல் ஸ்டிக்கர் போதும்.

எனாமல்_பட்டறை

விட்டுப்போன ஒன்று: பின்பக்க ஊசி. சின்ன பின்னுக்கு ஒற்றை ஊசி போதும் என்பார்கள். இந்தச் சின்னம் முனையில் நிற்கும் சாய்சதுரம். ஒற்றை ஊசியில் பின் சட்டையிலேயே சுழன்று, நேர் அம்பு பக்கவாட்டில் படுத்துவிடும். அளவை 22 மி.மீ. ஆக்கி, 8 முதல் 10 மி.மீ. இடைவெளியில் இரண்டு ஊசி வைக்கச் சொல்லுங்கள். பட்டர்ஃப்ளை கிளிப் பிடி இறுக்கம், ஆனால் நாளானால் ஸ்பிரிங் தளரும். ரப்பர் கிளிப் மார்பில் உறுத்தாது.

140 பேருக்கு 155 போடுங்கள், தொலைப்பவர்களும் நடுவில் சேருபவர்களும் இருப்பார்கள். முழு எண்ணிக்கையை ஓட்டும் முன் ஒரே ஒரு மாதிரி செய்து கையில் தரச் சொல்லுங்கள், வாட்ஸ்ஆப் படத்தை நம்பி ஓகே சொல்ல வேண்டாம். மாதிரி வந்ததும் காந்தம் வையுங்கள், ஊசியை விரலால் லேசாக வளைத்துப் பாருங்கள், நீலத்தில் குமிழி ஓட்டை இருக்கிறதா என்று சாய்வான வெளிச்சத்தில் பாருங்கள். கடைசியாக இன்னொரு முறை கட்டைவிரலை நீட்டுங்கள்.