கலைச்சொல் தேவை: எஞ்சின் போதிய சூட்டுக்கு வராத கோளாறு

அன்புடையீர்,
ஐடிஐ மோட்டார் மெக்கானிக் மாணவர்களுக்கான பழுதறி கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. 'அதிவெப்பம்' பாடம் முடிந்தது. அதற்கு நேரெதிர் கோளாறுக்குத்தான் தலைப்பு இல்லை. கூலண்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) 85–95 டிகிரிக்கு வராமல் 60, 65-லேயே நிற்கும். ஸ்கேனரில் பி0128 என்ற பழுதுக்குறியீடு வரும். 'மிகைக்குளிர்வு' என்று எழுதியிருக்கிறேன். சரிதானா?
– செ.

செ. அவர்களுக்கு,
மிகைக்குளிர்வு வேண்டாம். உறைநிலைக்குக் கீழே போயும் உறையாத நீருக்கு இயற்பியலில் அந்தச் சொல் புழங்குகிறது. தவிர, அது ரேடியேட்டர் மேல் பழி போடுகிற சொல். பெரும்பாலும் ரேடியேட்டர் ஒழுங்காகவே இருக்கும். சூட்டுக்கேற்பத் திறந்து மூடி ரேடியேட்டருக்குக் கூலண்டை விடும் வால்வான தெர்மோஸ்டாட் மூடாமல் திறந்தபடி சிக்கியிருக்கும்.

பாடத்தில் வரிசையும் முக்கியம். முதலில் ஆறிய எஞ்சினில் கூலண்ட் மட்டம் பார்க்க வேண்டும். குறைந்திருந்தால் சென்சார் காற்றில் நின்று பொய்க்கணக்குக் காட்டும். இரவு முழுக்க நின்ற வண்டியில், ஸ்டார்ட் செய்யுமுன், கூலண்ட் சூடும் உள்வரும் காற்றின் சூடும் ஸ்கேனரில் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையென்றால் சென்சாரையோ வயரையோ பாருங்கள். பிறகு ஸ்டார்ட் செய்து, ஃபேனில் படாமல், ரேடியேட்டரின் மேல் ஹோஸைத் தொட்டுப் பார்க்க வேண்டும். நல்ல தெர்மோஸ்டாட் என்றால் ஹோஸ் நெடுநேரம் குளிர்ந்தே இருந்து, திறந்ததும் சட்டென்று சுடும். முதல் சில நிமிடத்திலேயே மெல்ல வெதுவெதுப்பாகிக்கொண்டு வந்தால் திறந்து சிக்கியிருக்கிறது என்று பொருள். ஏசி போடாமலே ஃபேன் உடனே சுற்றினால் ரிலே ஒட்டியிருக்கலாம். சென்சார் வயர் அறுந்தாலும் சில வண்டிகளில் சுற்றும்.
– ந.

நண்பர்களே,
தமிழில் 'தெறு' என்ற வேர் இருக்க ஏன் அலைய வேண்டும்? "நீங்கின் தெறூஉம் குறுகுங்கால் தண்ணென்னும்" (குறள் 1104). இந்தக் கோளாறும் அப்படித்தானே: நின்றால் முள் ஏறுகிறது, நெடுஞ்சாலைக் காற்றில் இறங்குகிறது. தெறல் என்றால் வெம்மை. 'தெறற்குறை' என்று வைக்கலாம். எஞ்சினைப் 'பொறி' என்றே எழுதுங்கள்.
– இரா.

ஐயா,
பொறி என்றால் ஸ்பார்க்கும் அதுவே. "பொறியில் பொறி வரவில்லை" என்று பாடம் நடத்த முடியாது. தெறற்குறையைப் படித்ததும் பையன் பொருள் கேட்பான்; விளக்கி முடிக்குமுன் எஞ்சின் ஆறிவிடும்.

என் பரிந்துரை 'குறைசூடு'. வினைத்தொகை. குறைந்த சூடு, குறைகின்ற சூடு இரண்டையும் தாங்கும்: எப்போதும் 65-இல் நிற்பதற்கும் பொருந்தும், ஓட ஓட இறங்குவதற்கும் பொருந்தும். வல்லினம் மிகாது. அச்சகத்தார் 'குறைச்சூடு' என்று திருத்திவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.
– க.

குறைசூடு எனக்குச் சம்மதம். தெர்மோஸ்டாட்டை 'வெப்பநிலைப்பி' ஆக்க வேண்டாம். கடையில் கேட்டால் கிடைக்காது.

அதிவெப்பத்துக்கு வைத்தியம் என்று பட்டறைகளில் தெர்மோஸ்டாட்டையே கழற்றிவிடுகிறார்கள். குறைசூட்டுக்கு அதுவே ஒரு காரணம் என்பதை அழுத்தி எழுதுங்கள். எஞ்சின் இன்னும் குளிராக இருக்கிறது என்று எண்ணி ஈசியூ (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) பெட்ரோலைக் கூட்டித் தெளிக்கும். பிளக் கரி பிடிக்கும், மைலேஜ் விழும், எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் வழிந்து ஆயிலை நீர்க்கச் செய்யும். ஓட்டுபவருக்கு இது எதுவும் உடனே தெரியாது. அதனால்தான் வருடக்கணக்கில் அப்படியே ஓடுகிறது.

சோதிக்கக் கழற்றிய தெர்மோஸ்டாட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். வால்வு விளிம்பில் ஒளிக்கீற்று தெரிந்தால் மூடவில்லை. தெரியாவிட்டால் நூலில் கட்டி, பாத்திரத்தின் அடி படாமல் தண்ணீரில் தொங்கவிட்டு, தெர்மாமீட்டரோடு சூடாக்குங்கள். 82 என்று பொறித்திருந்தால் அதையொட்டித் திறக்கத் தொடங்கி 95 வாக்கில் முழுதும் திறக்க வேண்டும். 70-இலேயே வாய் திறந்தால் மாற்றிவிடுங்கள். மாட்டும்போது ஸ்பிரிங் எஞ்சின் பக்கம், காற்றுப்போக்கி ஊசி மேலே, கேஸ்கெட் புதிது.
– ந.

'சூடுபிடியாமை' பற்றி யாரும் பேசவில்லையே? வண்டிக்காரர் "எஞ்சின் சூடு பிடிக்கல சார்" என்றுதான் வருவார். வாயில் இருக்கும் சொல்லை விட்டுத் தொகை தேடுவானேன்?
– மு.

தேர்தல் களமும் சூடுபிடிக்கிறதே! கலைச்சொல்லுக்கு ஒரு பொருள் போதும்.
– க.

அனைவருக்கும் நன்றி. பெரும்பான்மைப்படி தலைப்பு 'குறைசூடு', மு. அவர்களின் வரியை நோய்க்குறிப் பத்தியில் வண்டிக்காரர் கூற்றாகச் சேர்த்துவிட்டேன். எஞ்சின் எஞ்சினாகவே இருக்கிறது.
– செ.

எஞ்சினுக்கு என் மறுப்பைப் பதிந்துகொள்ளுங்கள். அடுத்த பதிப்பில் மீண்டும் கேட்பேன்.
– இரா.