மறு: மறு: கண்ணாடியில் போடும் அந்தக் கோட்டுக்கு என்ன பெயர்?

மண்டபத்திலிருந்து:

அன்பர்களுக்கு வணக்கம். வியாழக்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்.

எங்கள் பள்ளி அறிவியல் மன்றப் பிள்ளைகள் பழைய மீன்தொட்டி ஒன்றைப் பிரித்து, அந்தக் கண்ணாடியில் சின்னத் தொட்டி இரண்டு செய்கிறார்கள். மூடிப்போன வண்ணமீன் கடையிலிருந்து வந்த 4 அடித் தொட்டி. ஒரு பக்கம் விரிசல், மற்றதெல்லாம் நல்ல 6 மில்லிமீட்டர் கண்ணாடி. செய்முறையை எட்டுப் பக்கக் கையேடாக அச்சுக்குக் கொடுக்க வேண்டும். ஓர் இடத்தில் மாட்டிக்கொண்டேன். கட்டரின் முனையில் மிளகு அளவுக்கு ஒரு சக்கரம் இருக்கிறதே, அதை மண்ணெண்ணெயில் தொட்டு, அடிமட்டத்தை ஒட்டி ஒரே இழுப்பாக இழுக்கிறோம். அந்த இழுப்பு விட்டுப்போகும் தடத்துக்குப் பெயர் என்ன? "கீறல்" என்றுதான் எழுதினேன். படித்துப் பார்த்தால் இப்படி ஒரு வரி: "கீறல் உள்ள இடத்தில் கீறல் போடாதீர்கள்." பாசியைச் சுரண்டிச் சுரண்டி பழைய கண்ணாடி முழுக்கக் கீறல்தான். ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் கேட்டான்: "எந்தக் கீறல் சார்?"

தொண்டியிலிருந்து:

அன்பின் ஆசிரியருக்கு, சொல் கையிலேயே இருக்கிறது: வகிர். தலையில் எடுக்கும் வகிடும் இதுதான். நடுவில் ஒரு கோடு, இரண்டு பக்கமும் பிரிவு. திருவாசகத்தில் மாவடு வகிரைக் கண்ணுக்கு உவமை சொல்கிறார் மாணிக்கவாசகர். வகு, வகை, வகுத்தல் எல்லாம் ஒரே குடும்பம். உங்கள் பையன் உட்கார்ந்திருக்கும் வகுப்பும் அந்தக் குடும்பம்தான். வகுவுக்குப் பக்கத்து வீடு பகு. பகுதி, பங்கு, பாதி, ஏன், பகலே கூட நாளைப் பகுத்ததால் வந்த பெயர் என்பார்கள். வகரத்துக்கும் பகரத்துக்கும் உள்ள உறவு பற்றித் தனி மடல் எழுதுகிறேன். கூடவே ஒன்று: "கண்ணாடி" முகம் பார்ப்பதற்கு. குறள் 706-இல் உள்ள "பளிங்கு" இருக்க, அதை ஏன் விட்டீர்கள்?

தங்கச்சிமடத்திலிருந்து:

ஐயா, பளிங்கு என்று போட்டால் பிள்ளைகள் தரைக்கல்லைத் தூக்கிக்கொண்டு வருவார்கள்.

வகிர் எங்கள் பக்கம் இன்னும் உயிரோடு இருக்கிறது, "வகுந்து" என்று. பெரிய மீனை வகுந்துதான் உப்பு வைப்போம். சண்டை முற்றினால் "வகுந்துருவேன்" என்பதும் அதுதான். "கண்ணாடியை மெல்ல வகிர்க" என்று ஆசிரியர் வாசித்தால் அன்றைக்குப் பாடம் அவ்வளவுதான், ஒரே சிரிப்பு. அதை விடுங்கள், பொருளும் இடிக்கிறது. வகுந்த மீன் பிளந்துவிட்டது. மாவடு வகிரும் பிளந்த துண்டுதான். ஆசிரியர் கேட்பது பிளப்பதற்கு முந்திய கோடு. மசாலா இறங்குவதற்காக முழு மீனில் இரண்டு மூன்று இடத்தில் மேலாகக் கத்தி போடுகிறோமே, அந்த மாதிரி.

ராமேசுவரத்திலிருந்து:

> பிளப்பதற்கு முந்திய கோடு

அப்படியானால் இறுகோடு. வில் ஒடிந்ததைக் கம்பர் எப்படிச் சொல்கிறார்? "எடுத்தது கண்டனர், இற்றது கேட்டார்." கண்ணாடியிலும் அதே கதைதானே. கோடு கண்ணுக்கு மயிரிழை. ஒடிவது காதுக்கு ஒரு "டக்". இறு என்றாலே ஒடி.

கீழக்கரையிலிருந்து:

அண்ணே, எங்கள் ஊரில் இத்துப்போன துணி, இத்துப்போன பலகை என்றுதான் பேச்சு. இறுகோடு என்றால் கண்ணாடி இத்துப்போச்சு என்று பழைய இரும்புக் கடைக்கு அனுப்பிவிடுவார்கள்.

எனக்குக் கண்ணாடி, அலுமினிய வேலைதான் பிழைப்பு. பட்டறையில் நாங்கள் சொல்வது "கோடு போட்டு ஒடி". ஆசிரியரிடம் ஒரு வேண்டுகோள்: கையேட்டில் எங்கேயும் "வெட்டு" என்று எழுதாதீர்கள். கண்ணாடியை யாரும் வெட்டுவதில்லை. சக்கரம் ஓடிய தடத்துக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் ஒன்று இறங்குகிறது. கோட்டுக்கு நேர் கீழே ஒரு பென்சிலை வைத்து இரண்டு பக்கமும் அமுக்கினால் மேல்பரப்பு இழுபட்டு, அந்த விரிசல் கீழ்வரை ஓடுகிறது. வெட்டு என்று படித்த பையன் என்ன செய்வான்? ஒரு தடவை போதாது என்று அதே தடத்தில் நாலு தடவை இழுப்பான். சக்கரமும் போச்சு, கோடும் வெள்ளை வெள்ளையாகப் பொரிந்து ஒடிசல் எங்கேயோ திரும்பிவிடும். நல்ல கோடு வெள்ளையாகவே தெரியக் கூடாது, கட்டர் போகும்போது "சர்ர்" என்று ஒரே சத்தம் வர வேண்டும். நடுவில் சத்தம் விட்டால் பழைய சிலிக்கானோ உப்புப் பொருக்கோ ஒட்டியிருக்கிறது என்று அர்த்தம். பிளேடால் சுத்தமாகச் சுரண்டியிருக்க வேண்டும். பழைய சிலிக்கான் மேல் புதுசு பிடிக்கவும் பிடிக்காது.

"ஒடி"யை மட்டும் விட்டுவிடாதீர்கள். முருங்கைக்காயை ஒடிக்கிறோம், தேங்காயை உடைக்கிறோம். பிள்ளைகளுக்கு இது ஒன்று புரிந்தால் போதும்.

அப்புறம், தொட்டியின் அடிப்பலகை டஃபன் கண்ணாடியாக, அதாவது சூடாக்கிச் சட்டென்று குளிரவைத்து உறுதியாக்கியதாக இருக்கலாம். அதில் கட்டரை வைக்கவே வேண்டாம், மொத்தமும் மணி மணியாகச் சிதறும். லேப்டாப் திரையை வெள்ளையாக வைத்து அதன் முன்னால் பலகையைப் பிடித்து, போலராய்டு கூலிங்கிளாஸ் வழியாகப் பாருங்கள். புள்ளியும் பட்டையுமாகத் தெரிந்தால் அதுதான்.

தொண்டியிலிருந்து:

தம்பி சொன்ன "ஒடி"க்கு என் வாக்கும் உண்டு. "கோடு" மட்டும் ஆகாது. யானைத் தந்தமும் கோடு, மலை உச்சியும் கோடு, மரக்கிளையும் கோடு, குளக்கரையும் கோடு. கலைச்சொல் என்பது ஒன்றைச் சுட்ட வேண்டாமா?

மண்டபத்திலிருந்து:

ஐயாவின் யானை வரை போக வேண்டாம். அளவு குறிக்க மார்க்கரில் போடுவதும் கோடுதான். "கோட்டின் மேல் கோடு போடுக" என்று எழுதி, எந்தக் கோடு என்று அதே பையன் கேட்பான்.

தங்கச்சிமடத்திலிருந்து:

கீறுகோடு? ஒடிப்பதற்காகக் கீறிய கோடு. தற்செயலாக விழுந்தது கீறல், வேண்டுமென்று போட்டது கீறுகோடு.

ராமேசுவரத்திலிருந்து:

கீற்றுக்கோடு என்றால் இன்னும் ஓசையாக இருக்கும்.

கீழக்கரையிலிருந்து:

கீற்று என்றால் கூரை மேய ஆள் வந்துவிடுவான் அண்ணே.

தொண்டியிலிருந்து:

கீறுகோடு வினைத்தொகை. ஊறுகாய், சுடுகாடு போல. நடுவில் ஒற்று மிகாது, கவனம். இலக்கணப் பிழை இல்லை என்று மட்டும்தான் சொல்கிறேன். என் சொல் வகிர்தான்.

மண்டபத்திலிருந்து (புதன் இரவு):

கீறுகோட்டுக்கு மூன்று பேர், இறுகோட்டுக்கு ஒருவர், வகிருக்கு ஐயா. கீறுகோடு என்றே அச்சகத்துக்கு அனுப்பிவிட்டேன். "வெட்டு" வந்த இடமெல்லாம் "ஒடி" ஆக்கிவிட்டேன். டஃபன் கண்ணாடிக்குத் தமிழ் தேட இனி நேரமில்லை, அப்படியே போகட்டும். தொட்டியில் கப்பி மீன்தான் விடப்போகிறோம். பிள்ளைகளில் இரண்டு பேர் கடற்குதிரை கொண்டுவருகிறேன் என்றார்கள், கடலட்டை போல அதுவும் வனவிலங்குச் சட்டத்தில் வரும் என்று கடைசிப் பக்கத்தில் பெரிய எழுத்தில் போட்டிருக்கிறேன்.

மண்டபத்திலிருந்து (வெள்ளி):

புரூஃப் வந்திருக்கிறது. பதினோரு இடத்திலும் "கீறுக்கோடு".

தொண்டியிலிருந்து:

வகிர் என்று போட்டிருந்தால் ஒற்றுக்கு இடமே இல்லை.